அரப்பாளையத்திலிருந்து சூரியச் சுரங்கம் வரை

வெள்ளிக்கிழமை இரவு, கொடைக்கானல்

மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, தூண் பாறை, பிரையண்ட் பூங்கா, திரும்பும்போது பை நிறைய சாக்லேட். ஏரிக்கு மேலே மேட்டில், 120 வருடமாகச் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆய்வகம் இருப்பது பலருக்கும் தெரியும். உள்ளே போனவர்கள்தான் குறைவு. இந்தப் பயணம் முழுக்க அதற்காகத்தான்.

கூட வருவது சின்ன மாமா. பழங்காநத்தத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். எந்த மெஷினைப் பார்த்தாலும் "இதை எப்படிடா அசையாம பிடிச்சிருக்கான்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வானியல் ஆய்வகம் பார்க்க இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

அரப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறினோம். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும்; பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்து, வெயில் மட்டும் ஓயாத மே மாதம். சமயநல்லூர் தாண்டும் வரை ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை.

வாடிப்பட்டிக்கு அப்புறம் பஸ் நிலக்கோட்டைப் பக்கம் திரும்பிவிடுகிறது. திரும்பாமல் திண்டுக்கல் பாதையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் கொடைரோடு ரயில் நிலையம். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். கொடைக்கானல் ஆய்வகத்துக்குக் கால்கோள் விழா 1895-ல். அன்றைய சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் வைத்தார். 1899-ல் ஆய்வகம் நடைமுறைக்கு வந்தது. இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் புலப்படும்: வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறுகிற மலைச்சாலை அப்போது கிடையாது. அது வர இன்னும் 15 வருடமாவது ஆயிற்று.

அப்படியானால் சாமான்கள் எப்படிப் போயின? அந்தக் காலத்தில் மலைக்குப் போன எல்லாமும் எல்லாரும் போன வழிதான். ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. துரைமார்களைக்கூட நாற்காலியில் உட்கார வைத்துச் சுமந்துதான் ஏறினார்கள். தொலைநோக்கியின் லென்ஸ், பித்தளைக் குழல், வார்ப்பிரும்பு அச்சு, குவிமாடத்தின் வளைவுத் தகடு எல்லாம் ஆள் தலையிலும் தோளிலும் ஏறியிருக்க வேண்டும்.

மாமாவுக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. "கழட்டித்தான் கொண்டு போயிருப்பான். பத்துப் பேர் தூக்க முடியாத துண்டு ஒண்ணும் இருந்திருக்காது. மேல போயி பூட்டுறதுதான் வேலை. மட்டம் பாத்து உக்கார வைக்கிறவன் கெட்டிக்காரனா இருந்திருக்கணும்." சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை; பூட்டிய ஃபிட்டர்களின் பெயரும் கிடையாது. இயக்குநர்கள் பெயர் மட்டும் வரிசையாக இருக்கிறது.

வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை. எதிரே தலையாற்று அருவி, கோடையானதால் நூல் பிரிந்து தொங்குகிற அளவில்தான். ஊத்தில் மிளகாய் பஜ்ஜி. பெருமாள்மலை தாண்டியதும் காது அடைத்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் போக்குவரத்து முக்கால் மணி நேரம் நகரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை

காலையிலேயே கிளம்பிவிட்டோம். தூங்குமூஞ்சியான என்னை மாமா எழுப்பிவிட்டார் என்றாலும், காலையில் போவதற்கு வேறு காரணம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆய்வகம் இருக்கும் மேடு 2343 மீட்டர் உயரம். ஏரியைவிட ஏறத்தாழ 200 மீட்டர் மேலே. இந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்ற கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். மழை ஏன் பொய்த்தது, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் அன்றைய விஞ்ஞானிகளுக்கு வலுவாக இருந்தது. அப்படியானால் சூரியனை நாள் தவறாமல் பார்க்க ஓர் இடம் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஆய்வகம் இருந்தது. ஆனால் கடலோர ஈரமும் தூசும் சூரியனைப் பார்க்க உதவாது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்து கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். அப்புறம் அவரே அதன் முதல் இயக்குநரானார். அன்று இது மதுரை மாவட்டம். 1985-ல் திண்டுக்கல் பிரிந்த பிறகுதான் கணக்கு மாறியது. ஆக, இது நம்ம ஊர் ஆய்வகம் என்று நான் உரிமை கொண்டாடினால் தப்பில்லை.

உயரத்தால் என்ன லாபம்? சூரியனுக்கு அருகே போகிறோம் என்பது வேடிக்கைப் பேச்சு. 15 கோடி கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டர் எந்த மூலைக்கு? லாபம் காற்றில். இந்த உயரத்தில் நிற்கும்போது காற்றின் ஏறத்தாழ கால் பங்கு நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. தூசும் நீராவியும் அடியில்தான் அதிகம் என்பதால் உண்மையான லாபம் அந்தக் கால் பங்கைவிடப் பெரிது.

மிச்சமிருக்கும் காற்றுதான் எதிரி. மே மாதத்து நான்குவழிச் சாலையில் தூரத்தில் வரும் லாரி நெளிந்து தெரியுமே, அதே நெளிவு தொலைநோக்கிக்குள்ளும் நடக்கும். இரவில் நட்சத்திரம் பார்ப்பவருக்கு இது பாதித் தொல்லை. சூரியனைப் பார்ப்பவருக்கோ பார்க்கப்படும் பொருளே தரையைச் சூடாக்கி, காற்றைக் கிளப்பி, தன் முகத்தைத் தானே கலைத்துக்கொள்கிறது. அதனால்தான் நல்ல படம் கிடைப்பது சூரியன் எழுந்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில். தரை இன்னும் சூடேறியிருக்காது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பயணி வரும்போது விஞ்ஞானியின் நாள் பாதி முடிந்திருக்கும்.

வளாகத்துக்குள் நடக்கும்போது எனக்குப் பிடிபட்டது இதுதான்: இங்கே கட்டடம் வேறு, கருவி வேறு என்று பிரிக்க முடியாது. சுவரின் கனம், கட்டடத்தைச் சுற்றிய மரம், கருவி நிற்கும் தூண் எல்லாமே காற்றை அசையவிடாமலும் நிலத்தை அதிரவிடாமலும் வைப்பதற்கான ஏற்பாடு. தொலைநோக்கி நிற்கும் தூணைத் தரைத்தளத்தோடு சேர்த்துக் கட்டுவது வானியல் கட்டடக்கலையில் ஆகாத காரியம். தனி அடித்தளம் போட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டுத்தான் எழுப்புவார்கள். அறைக்குள் ஒருவர் நடந்தால் அந்த அதிர்வு தூணுக்குப் போகக்கூடாது. மாமா இதைக் கேட்டதும் தலையாட்டினார். பட்டறையில் பெரிய லேத்துக்குத் தனிக் காங்கிரீட் மெத்தை போடுவதும் இதற்குத்தானாம்.

இங்கே இருக்கும் தொலைநோக்கிகளில் பழையது பாரிஸின் லெரெபூர் - செக்ரெத்தான் கம்பெனி செய்த 15 செ.மீ. தொலைநோக்கி. 1850 வாக்கில் சென்னைக்கு வந்து, 1898-ல் டப்ளினின் கிரப் கம்பெனியிடம் புதுத் தாங்கியும் அச்சும் வாங்கிக்கொண்டு மலையேறியது. லென்ஸ் பிரெஞ்சுக்காரன், எலும்பு ஐரிஷ்காரன், குடியிருப்பு கொடைக்கானல். இன்னொரு குவிமாடத்தில் பவநகர் மகாராஜா பணத்தில் புனேயில் நிறுவப்பட்டு, 1912-ல் இங்கே வந்து சேர்ந்த 20 அங்குலத் தொலைநோக்கி. ரொம்ப காலம் இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான்.

அருங்காட்சியகத்தில் கூட்டம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சிலர், தேனியிலிருந்து வந்த ஒரு குடும்பம். இங்கே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த நிமிடத்துச் சூரியன், கண்ணாடிகள் வழியாக அறைக்குள் கொண்டுவந்து விழுத்தப்பட்டிருக்கிறது. இன்னொன்று, அதே ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலை. சிவப்பிலிருந்து ஊதா வரை நீளும் பட்டையில் கறுப்புக் கோடுகள் நெருக்கமாக. ஒவ்வொரு கோடும் சூரியனில் இருக்கும் ஏதோ ஒரு தனிமம் விழுங்கிய ஒளி.

கோடுகளைப் பார்த்ததும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவியைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆய்வகத்தின் இதயம் என்று நான் நினைப்பது அதைத்தான். 1904-ல் வந்தது, செய்தது கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி. 46 செ.மீ. கண்ணாடி ஒன்று சூரியனைத் துரத்திப் பிடித்து, 30 செ.மீ. லென்ஸ் வழியாக 6 செ.மீ. அகலப் பிம்பமாக்கிக் கொடுக்கும். அந்தப் பிம்பத்திலிருந்து ஒரு மெல்லிய கீற்றை மட்டும் ஒரு பிளவு உள்ளே விடும். உள்ளே ஒளி பிரிந்ததும், இரண்டாவது பிளவு ஒரே ஒரு நிறத்தை மட்டும் படத்தட்டுக்கு அனுப்பும். சூரியப் பிம்பம் பிளவின் மேல் மெதுவாக நகர நகர, கீற்று கீற்றாக முழுப் படம் தட்டில் சேர்ந்துவிடும். தெருக்கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு, அழகர் பல்லக்கு போவதைப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதானே தெரியும். ஆனால் பல்லக்கு கடந்து முடியும்போது முழுசாகப் பார்த்திருப்போம். அதுவேதான் வித்தை.

தேர்ந்தெடுத்த நிறம், ஊதாவின் கடைசி ஓரத்தில் கால்சியம் விழுங்கும் கோடு. அதில் பார்த்தால் சாதாரணப் படத்தில் தெரியாத மேலடுக்கு தெரியும்: கரும்புள்ளிகளைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள், முகம் முழுக்க வலைப்பின்னல். 11 வருடத்துக்கு ஒரு தடவை சூரியன் கொதித்து அடங்கும் சுழற்சியைப் ஒன்பதுக்கு மேற்பட்ட சுற்றுகளுக்கு ஒரே இடத்திலிருந்து பதிந்த தொடர் இது. அந்தக் கண்ணாடித் தட்டுகளையும் ஃபிலிம்களையும் இப்போது டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். சூரியனின் பழைய காந்த வரலாற்றைத் தேடுபவர்கள் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் சொல்லும் கண்டுபிடிப்பும் இங்கே நடந்தது. ஜான் எவர்ஷெட் 1907-ல் இங்கே வந்தார். அவர் மனைவி மேரியும் வானியலாளர். இருவரும் சேர்ந்தே சூரியனைக் கவனித்தார்கள். 1909 ஜனவரி 5-ஆம் தேதி எடுத்த நிறமாலைப் படத்தில், கரும்புள்ளியின் மங்கலான ஓரப் பகுதியில் கோடுகள் நேராக இல்லாமல் நகர்ந்திருந்தன. புள்ளியின் ஒரு பக்கம் சிவப்பை நோக்கி, மறுபக்கம் நீலத்தை நோக்கி. வாயு நம்மைவிட்டு விலகினால் கோடு சிவப்புப் பக்கம் நகரும், நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம். சுழல்காற்று மாதிரி வாயு சுற்றுகிறது என்றுதான் அப்போது எதிர்பார்ப்பு. ஆனால் புள்ளி சூரியவட்டின் நடுவில் இருக்கும்போது இந்த நகர்வு தெரியவில்லை, விளிம்புப் பக்கம் போனால்தான் தெரிந்தது. அப்படியென்றால் வாயு சூரியப் பரப்பை ஒட்டிப் புள்ளியின் நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது. வேகம் விநாடிக்கு 2 கிலோமீட்டர் அளவில். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஒரு நிமிடம்தான். எவர்ஷெட் விளைவு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். பஞ்சத்துக்குப் பதில் தேடிக் கட்டிய இடத்தில், யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது. மழைக் கேள்வி வேறு கதை. அதற்கு எளிய விடை வரவேயில்லை.

சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்தோம். 1863-ல் இந்த ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சும் மதுரைக் கலெக்டராக இருந்தவர்தான். கூட்டம் தாங்கவில்லை. மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழியில்

இன்றைக்கு மறுபடி மேட்டுக்கு. நேற்று தூரத்தில் பார்த்துவிட்டு வந்த கோபுரத்துக்காக.

அமில்குமார் தாஸ் இயக்குநராக இருந்தபோது வந்த சுரங்கத் தொலைநோக்கி அது. 1958-ல் கிரப் பார்சன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்த கருவி. உள்ளே எல்லாரையும் விடுவதில்லை. அங்கே பணிபுரிகிற ஒருவர் பொறுமையாக நின்று, கையால் காற்றில் படம் போட்டு விளக்கினார். மாமாவின் கேள்விகளுக்கும் பதில் சொன்னார் என்பதால் அவருக்குப் புண்ணியம்.

வெளியே தெரிவது 11 மீட்டர் கோபுரம். தரை சூடாகிக் காற்று நெளிவது பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் என்பதால், ஒளியை அதற்கு மேலிருந்தே பிடித்துவிடுகிறார்கள். கோபுரத்தின் மேல் 60 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிகள். முதல் கண்ணாடி சூரியனைப் பிடித்து இரண்டாவதற்குத் தரும். இரண்டாவது அதை நேர் கீழே இறக்கும். அடியில் மூன்றாவது கண்ணாடி படுக்கைவசமாகத் திருப்பி 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் விடும். கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை, உருக்கிய குவார்ட்ஸ். காலை முழுக்க வெயிலை நேரே வாங்கும் பொருள் சூட்டில் உப்பினால் பிம்பம் கெட்டுப்போகும். குவார்ட்ஸ் உப்புவது சாதாரணக் கண்ணாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சுரங்கம் எதற்கு? பெரிய பிம்பம் வேண்டுமென்றால் நீளமான குவியத் தூரம், அதாவது லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையான தூரம், வேண்டும். இங்கே 38 செ.மீ. லென்ஸின் குவியத் தூரம் 36 மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு நீளக் குழலைச் செய்து சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் குழலை மண்ணுக்குள் படுக்கப் போட்டுவிட்டு, சூரியனை அதற்குள் வரவைக்கிறார்கள். மண்ணுக்கடியில் பகலிரவு வெப்பம் அதிகம் மாறாது என்பதால், ஒளி போகும் வழியில் காற்றும் கிளம்பாமல் இருக்கும். சுரங்கத்தின் அந்தக் கோடியில் விழும் சூரியப் பிம்பம் 34 செ.மீ. அகலம். அதில் நம் பூமியை வைத்தால் 3 மில்லிமீட்டர் பொட்டு. அந்தப் பிம்பத்திலிருந்து வேண்டிய துண்டைப் பிளவில் பிடித்து, 18 மீட்டர் நீள நிறமாலைமானிக்குள் அனுப்பிக் கோடுகளை விரிக்கிறார்கள். எவர்ஷெட் பார்த்த நகர்வு போன்றவற்றை அளக்கத்தான் இத்தனை நீளம்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது முதல் கண்ணாடியின் அச்சு. பூமி சுழலுவதால் சூரியன் வானத்தில் நகர்கிறது; அதைப் பிடித்து நிறுத்த, கண்ணாடி பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் சுழல வேண்டும். லண்டனில் இப்படி ஒன்று செய்தால் அச்சு தரையிலிருந்து 51 டிகிரி நிமிர்ந்து நிற்கும். கொடைக்கானல் இருப்பது 10 டிகிரி வட அட்சரேகையில். ஆகவே இங்கே அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது, வடக்கு முனை மட்டும் 10 டிகிரி தலை தூக்கி. ஐரோப்பாவில் தயாரான தொலைநோக்கிகள் நம் பக்கம் வரும்போதெல்லாம் தாங்கியை மாற்றிச் செய்ய வேண்டியிருந்ததன் காரணம் இதுதான்.

அடுத்தது வேகம். சூரியன் ஒரு சுற்று வர 24 மணி நேரம் என்றால் கண்ணாடியும் 24 மணி நேரத்தில்தானே சுற்ற வேண்டும்? இல்லை, 48 மணி நேரம். கண்ணாடியை ஒரு டிகிரி திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். அதனால் பாதி வேகம் போதும். மாமா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி, சூரியனைக் காணோம். ஆய்வகத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: திறப்பு நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் திறந்த உடனே போய்விடுங்கள். மதியம் போனால் அருங்காட்சியகச் சுவரில் சூரியன் விழாது.

பெருமாள்மலை இறக்கத்தில் மாமா சீட்டை நீட்டினார். "மாப்ள, 360 பல்லு வெட்டுன சக்கரம். அதுக்கு ஒத்தை இழை வார்ம். 48 மணி நேரம்னா 2880 நிமிஷம். அப்ப வார்ம் 8 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. சரியா?"

வார்ம் என்பது பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகு; ஒத்தை இழை என்றால் அது ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அவர் கற்பனைச் சக்கரம்தான், ஆனால் கணக்கு சரி. சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டு பிசகைப் பார்த்தோம். பல் ஒன்று ஒன்றரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளி வெட்டப்பட்டால் கண்ணாடி ஒரு விகலை, அதாவது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு, திரும்பும்; ஒளி இரண்டு விகலை. சுரங்கக் கோடியில் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குதிக்கும். சூரியனில் அது 1400 கிலோமீட்டர்.

"ஒன்றரை மைக்ரானா?" என்றார் மாமா. அவர் பட்டறையில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கே ஆளை நிறுத்தித் திட்டுவார். காட்ரோடு வரும் வரை அமைதி. வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கியபோது, 360-க்குப் பதில் 720 பல் வைத்து, வார்மை 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று விட்டால் பிசகு பாதியாகும் என்றார். ஆகாது, பல் வெட்டுகிற மெஷினின் பிசகு அப்படியே சக்கரத்தில் ஏறும் என்றேன் நான். நிலக்கோட்டை தாண்டியாயிற்று, இன்னும் ஒத்துவரவில்லை.